அன்பு மனைவியும் பாசமிகு தாயாரும்... வேறென்ன?

அம்மம்மா மோசம் போன அன்றிரவு, மாமா விறாந்தையில் இருந்து பேப்பருக்குக் குடுக்க மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தார். அதுக்கு ஒரு அச்சு இருக்குது, உங்களுக்கும் தெரியும். கோலாலம்பூரைப் பிறப்பிடமாகவும், இணுவிலை வாழ்விடமாகவும், ரொறன்ரோவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டவர். காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகள். காலஞ்சென்ற இன்னாரின் (ஓய்வுபெற்ற ஆசிரியர்) அன்பு மனைவி. இன்னார் இன்னாரின் பாசமிகு தாயார். பிறகு மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். கடைசியில் "ஆவார்".

நான் கேட்டன்: "மாமா, அம்மம்மா படம் கீறினவ எண்டு ஒரு வரி போடுவமா?"

மாமா கோபப்படேல்லை. பேனையைக் கீழை வைச்சிட்டு ஆறுதலாத்தான் சொன்னார். "உதெல்லாம் உதுக்குள்ளை போடுறேல்லைப் பிள்ளை. அம்மப்பா உத்தியோகம் பாத்தவர், அதாலை 'ஆசிரியர்' எண்டு வருது. அம்மா கீறினது பொழுதுபோக்குக்குத்தானே."

அந்தப் 'பொழுதுபோக்கு' எழுபது வருசத்துக்கு மேல் நடந்தது. மலாயாவில் றெயில்வே கிளாக்கரின் மகளாகப் பிறந்து, சண்டை முடிஞ்ச கையோடு கப்பலில் ஊருக்கு வந்த பிள்ளை அம்மம்மா. கல்யாணம் முடிச்சு, அம்மப்பாவுக்கு மாற்றம் கிடைச்ச இடமெல்லாம் போனவ: பதுளை, மட்டக்களப்பு, திரும்ப யாழ்ப்பாணம். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்தபோது அவவுக்கு அறுபது தாண்டியிருந்தது. கொடிகாமம், கிளிநொச்சி, சென்னை, ரொறன்ரோ, கடைசியில் மறுபடி இணுவில். போன இடமெல்லாம் கீறினவ. கலண்டர்த் தாளின் பின்பக்கம், பேரப்பிள்ளைகளின் கொப்பி மட்டை, சீலைத் துண்டு, தலையணை உறை. அவ தைச்ச தலையணை உறைகளில் மலாயாச் செம்பரத்தை பூத்திருக்கும். ரொறன்ரோவில் பின்வளவு உடுப்புக் கொடியில் பனி உறைஞ்சு கிடந்ததை ஒரு முழுக் குளிர்காலம் விடாமல் கீறினவ.

அறிவித்தலில் ஊர்கள் மூன்று வந்தன. படம் ஒன்றும் வரவில்லை. எனக்கு மாமாவோடு சண்டை இல்லை, அந்த அச்சோடுதான் சண்டை. அதைப் பற்றித்தான் எழுத வந்தனான். ஆனால் அம்மம்மாவை மட்டும் வைத்து எழுதினால் "பேத்தி பாசத்தில் எழுதுறாள்" என்று விட்டுவிடுவீர்கள். அதனால் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். தெரிந்தவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவரை.

மூன்று பெயர்கள்

காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடம் தாண்டிப் போகிறவர்கள் இராமநாதன் கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். 1913 இல் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் திறந்த பள்ளிக்கூடம். பக்கத்து உடுவிலில் அமெரிக்க மிசன்காரர் 1824 இலேயே பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். படிக்க வேண்டுமென்றால் மிசன் பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்ற நிலைக்கு இராமநாதன் தந்த பதில் இந்தக் கல்லூரி. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்குது. அவருடைய சமாதியும் அந்த வளவுக்குள்தான்.

அந்தக் கல்லூரியின் கதையில் 'லேடி இராமநாதன்' என்று ஒருவர் வருவார். பழைய ஆட்கள் 'லேடி' என்று மட்டும் சொல்வார்கள். அவரைப் பற்றி எங்களுடைய அச்சில் ஒரு அறிவித்தல் எழுதிப் பார்ப்போம்:

அவுஸ்திரேலியாவைப் பிறப்பிடமாகவும் இலங்கையை வாழ்விடமாகவும் கொண்ட லீலாவதி அம்மையார், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் அன்பு மனைவியும், சிவகாமசுந்தரியின் பாசமிகு தாயாரும், சு. நடேசபிள்ளையின் அன்பு மாமியாரும் ஆவார்.

பிழை ஏதும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் இதை வாசித்தவருக்கு அவரைப் பற்றி என்ன தெரிந்தது? அவரைச் சுற்றி நின்ற மூன்று பேரின் பெயர் தெரிந்தது. அவ்வளவுதான்.

இனி மற்றப் பக்கத்தால் வருவோம். 1902 இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளிவந்தது. யோவான் நற்செய்திக்கு ஒரு சைவர் எழுதிய விளக்கவுரை. எழுதியவர் 'ஸ்ரீ பரானந்தர்' என்ற பெயரில் இராமநாதன். பதிப்பாசிரியர் ஆர். எல். ஹரிசன். 1905-06 இல் இராமநாதன் அமெரிக்கா போய் ஊர் ஊராக உரையாற்றினார். அந்தப் பயணத்தைப் பற்றி 1907 இல் லண்டனில் ஒரு நூல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'கீழைத்தேய மாணவர்களுக்கு மேற்கின் காட்சிகள்'. அதை எழுதியவரும் ஆர். எல். ஹரிசன்.

அந்த ஆர். எல். ஹரிசன் யார்? ரோஸ் லிலியன் ஹரிசன். பிறகு இராமநாதனை மணந்து, சைவத்தைத் தழுவி, லீலாவதி ஆனவர். அவருக்குச் 'சேர்' பட்டம் வந்தபின் 'லேடி' ஆனவர்.

அந்தத் தலைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் எழுதின பயணநூல்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம் பார்த்தன? கப்பலேறி இங்கே வருவார்கள். கோயிலையும் பனையையும் பாம்பாட்டியையும் பார்த்து, ஊரிலிருக்கும் தங்கள் சனத்துக்குக் கதை சொல்வார்கள். இவர் தலைகீழாகச் செய்தார். ஒரு தமிழனோடு மேற்கே போய், மேற்கைக் கீழைத்தேய மாணவர்களுக்குக் காட்டினார். தான் பிறந்த உலகத்தையே வெளியிலிருந்து பார்க்கத் துணிந்த எழுத்து வேலை அது. முப்பது நாற்பது வருசத்துக்குப் பிறகு நடந்திருந்தால் இதைப் பற்றிக் கருத்தரங்கு வைத்திருப்போம்.

ஆனால் அட்டையில் வெறும் முதலெழுத்து. ஆணா பெண்ணா என்றே தெரியாது. அதுக்குப் பிறகு வந்தது 'லீலாவதி', அதுக்கும் பிறகு 'லேடி இராமநாதன்'. ஒரு ஆளின் மூன்று பெயர்கள். ஊரில் நிலைத்தது எது பாருங்கள்: மூன்றிலும் தன்னுடைய பெயர் ஒரு எழுத்தும் இல்லாதது. நூலகத்தில் ஹரிசனைத் தேடுகிறவருக்கு மருதனார்மடத்து லேடி கிடைக்கமாட்டார். கல்லூரி மலரில் லேடியை வாசிக்கிறவருக்கு எழுத்தாளர் ஹரிசன் கிடைக்கமாட்டார்.

கேட்கப்படாத கேள்வி

இங்கே நான் துதி பாடவும் வரவில்லை. துதியும் ஆளை மறைக்கத்தான் செய்யும்.

இராமநாதன் பெண்களுக்குக் கல்லூரி கட்டினார். அதே இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு 1927-28 இல் இலங்கைக்கு வந்தபோது, எல்லாருக்கும் வாக்குரிமை குடுப்பதை எதிர்த்தார். பெண்களுக்கும் வேண்டாம், ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் வேண்டாம் என்ற பக்கம் நின்றார். இதுவும் வரலாறு, மூடி மறைக்க ஏலாது. 'சைவப் பெண்பிள்ளைகள்' என்று பள்ளி திறக்கிறபோது அந்தச் சொல்லுக்குள் எந்தச் சாதிப் பிள்ளைகள் வந்தார்கள், எவர் படலைக்கு வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும்.

அந்த எதிர்ப்பையும் மீறி 1931 இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு வந்தது. இராமநாதன் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1930 நவம்பரில் காலமாகிவிட்டார். யாழ்ப்பாணத்தில் அந்த முதல் தேர்தலை இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்பது அவர்களின் நிலைப்பாடு. அதனால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. எங்கள் பூட்டிமார் கையில் வாக்கு இருந்தது, போடுகிற பெட்டி இல்லை. 1934 இல் காங்கேசன்துறைத் தொகுதியில் தெரிவானவர் யார் தெரியுமா? சு. நடேசபிள்ளை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பரமேஸ்வராக் கல்லூரியில் பணியாற்றியவர், லீலாவதி அம்மையாரின் மருமகன்.

இப்போது அந்த வீட்டுக்குள் நின்று யோசியுங்கள். புத்தகம் எழுதின ஒரு பெண். கணவர் பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றவர். மருமகன் பெண்களும் போட்ட வாக்கில் சட்டசபைக்குப் போனவர். அந்தப் பெண் அதைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? சாப்பாட்டு மேசையில் வாய்த்தர்க்கம் நடந்திருக்குமா? 'அன்பு மனைவியும், அன்பு மாமியாரும்' என்ற வரிக்குள் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அந்த அச்சில் ஒரு பெண் உறவாக மட்டும்தான் இருக்கலாம். கருத்து வைத்திருக்க ஏலாது, முரண்பட ஏலாது, பிழைவிடவும் ஏலாது. நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டு செய்கிற வேலை இது.

கணவருக்குப் பிறகு இருபது வருசத்துக்கும் மேல் அவர் வாழ்ந்தார். அந்த இருபது வருசத்தையும் 'இன்னாரின் மனைவி' என்ற சொல் எப்படித் தாங்கும்?

ஒரு கறுப்புப் பெட்டி

இதே கல்லூரிக்கு இன்னொரு பெண்ணும் வந்தார். 1912 இல், 52 வயதில், லண்டனை விட்டுக் கப்பலேறி வந்து, புதிதாகத் திறந்த கல்லூரிக்கு அதிபராக நின்றவர் புளோரன்ஸ் ஃபார். லண்டன் நாடக மேடையில் பேர்போன நடிகை. பெர்னாட் ஷாவின் 'ஆர்ம்ஸ் அண்ட் த மேன்' 1894 இல் முதன்முதல் மேடையேறியபோது, அந்த நாடகப் பருவத்தை நடத்தியவரே அவர்தான். அதில் நடித்தும் இருந்தார். யாழ் போன்ற ஒரு நரம்புக்கருவியை மீட்டிக்கொண்டு யேட்சின் கவிதைகளைச் சொல்லிக் காட்டி ஊரூராகப் போனவர். யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழ் படித்தார். 1917 ஏப்ரல் 29 அன்று கொழும்பில் மார்புப் புற்றுநோயால் இறந்தார்.

இலங்கையில் அவர் இருந்தது ஐந்து வருசம்கூட நிரம்பவில்லை. ஆனாலும் அவரைப் பற்றி எவ்வளவோ தெரிந்திருக்குது. ஏன்? வெள்ளைக்காரப் பெண் என்பதாலா? லீலாவதியும் வெள்ளைக்காரர்தானே. மனைவியாகவும் தாயாகவும் இல்லாததாலா? அதில் கொஞ்சம் உண்மை உண்டு. புளோரன்சின் கணவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார், பிறகு மணவிலக்கும் ஆனது, பிள்ளைகளும் இல்லை. 'இன்னாரின்' என்று தொடங்க ஏலாதபடியால் அவர் பெயரில் இருந்துதான் தொடங்கவேண்டி வந்தது.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒரு பெட்டி. புறப்படுமுன் ஷாவும் யேட்சும் தனக்கு எழுதின கடிதங்களை ஒரு கறுப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி, கிளிபர்ட் பாக்ஸ் என்ற நண்பரிடம் குடுத்துவிட்டு வந்தார். அவர் அதை எறியவில்லை. 1941 இல் அந்தக் கடிதங்கள் புத்தகமாக வந்தன. ஒரு ஆள் பெட்டியை வைத்திருந்தார், திறந்தார், அச்சிட்டார். நினைவு என்று நாங்கள் பெரிதாகப் பேசுகிற விசயம் கடைசியில் இப்படி ஒரு சின்ன வேலையில்தான் தொங்கிக்கொண்டிருக்குது.

அம்மம்மாவிடமும் ஒரு றங்குப்பெட்டி இருந்தது. மலாயாவிலிருந்து வந்த பெட்டி. 95 இல் அதைத் தூக்கிக்கொண்டு போக ஏலேல்லை. திரும்பி வரேக்குள்ளை வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அதுக்குள் இருந்த படங்களைப் பற்றிக் கேட்டால் "அது போட்டுது பிள்ளை, விடு" என்பா. எங்கள் வீடுகளில் எத்தனை பெட்டி இப்படிப் போயிருக்கும்! அதனால்தான் சொல்கிறேன், மற்ற ஊர்களைவிட எங்களுக்கு இந்த அறிவித்தலும் கல்வெட்டும் முக்கியம். பல பெண்களுக்கு மிஞ்சுகிற ஒரே கடதாசி அதுதான். இறுதி யுத்தத்தில் போன பல பேருக்கு அதுவும் இல்லை.

எதிர்க்கேள்விகள்

"அம்மா, மனைவி எண்டு சொல்லுறது குறைவோ?" என்று கேட்பீர்கள். மாமாவும் கேட்டார். குறைவே இல்லை. அம்மம்மாவைக் கேட்டால் "நாலு பிள்ளையை வளத்தனான்" என்றுதான் முதலில் சொல்லியிருப்பா. இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ் இருந்தபோது அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சின கைதான் படமும் கீறினது. நான் கேட்பது அந்த வரியை வெட்டச் சொல்லி அல்ல, அதுக்குப் பக்கத்தில் இன்னொரு வரியை. அம்மப்பாவின் அறிவித்தலிலும் 'பாசமிகு தந்தை' இருந்தது, 'ஓய்வுபெற்ற ஆசிரியர்' என்பதும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தின்னவில்லை.

"சம்பளம் வாங்காத வேலையை எப்பிடிப் போடுறது?" இதுதான் உண்மையான முடிச்சு. எங்கள் அச்சு சம்பளத்தை மட்டும்தான் வேலை என்று கணக்கெடுக்குது. பதவியில் இருந்து ஓய்வுபெறலாம், கீறுவதிலிருந்து எப்படி ஓய்வுபெறுவது? அதனால் அதுக்கு ஒரு சொல்லும் இல்லாமல் போச்சு. சொல் இல்லையென்றால் உண்டாக்குவோம். 'ஓவியர்' என்று எழுத அம்மம்மாவுக்குக் கண்காட்சி நடந்திருக்க வேண்டுமா? எழுபது வருசம் காணாதா?

"லீலாவதி அம்மையார் வசதியான வீட்டு ஆள், அவரோடு எங்கடை சனத்தை ஒப்பிடலாமோ?" நல்ல கேள்வி. பணமும் பட்டமும் அச்சிட்ட புத்தகங்களும் இருந்த ஒரு பெண்ணுக்கே இதுதான் நிலை என்றால், தோட்டத்துக்குப் போய்வந்து இரவில் ஒப்பாரி கட்டின பெண்ணுக்கு, பனையோலையில் பெட்டி இழைத்துக் கோலம் போட்ட பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? ஒப்பிடச் சொல்லவில்லை. எங்கே தொடங்கவேண்டும் என்று பார்க்கச் சொல்கிறேன்.

செய்யக்கூடியது

பெரிய இயக்கம் ஒன்றும் வேண்டாம். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிற வழக்கம் எங்களிடம் இன்னும் இருக்குது. தேவாரம், திருவாசகம், வம்சாவளி, நன்றி நவிலல். அதில் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், வீட்டில் இருக்கிற இளம் ஆள் எழுதட்டும். அதில் உறவுச்சொல் வேண்டாம். வினைச்சொல் மட்டும் வரட்டும். என்ன செய்தா, எங்கே போனா, எதை உண்டாக்கினா, எதுக்குச் சண்டை பிடிச்சா, எதில் பிழைவிட்டா. எழுதி முடித்து ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 2005 இலிருந்து எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நினைவுமலர்களையும் மின்வடிவில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுதான் எங்களுக்குக் கிடைத்திருக்கிற கறுப்புப் பெட்டி.

இன்னும் நல்லது, ஆள் உயிரோடு இருக்கும்போதே கேட்பது. போனில் பதிவுசெய்ய ஒரு பத்து நிமிசம் போதும். "உங்கடை கல்யாணம் எப்ப நடந்தது?" என்று கேட்காதீர்கள், அதுக்கு விடை எல்லாருக்கும் தெரியும். "நீங்கள் செய்ததிலை உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று கேளுங்கள்.

மருதனார்மடத்தில் அந்தக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே, முந்தி இராமநாதன் நுண்கலைக் கழகம் என்ற பெயரில் இருந்த நிறுவனம் இருக்குது. 1960 இல் நடேசபிள்ளை சங்கீத அகடமியாகத் தொடங்கி, பிறகு யாழ் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பஸ்சில் போகும்போது வயலினோடும் கீறுகிற பலகையோடும் இறங்குகிற பிள்ளைகளைப் பார்ப்பேன். முக்கால்வாசி பெண்பிள்ளைகள். இவர்களில் எத்தனை பேருடைய கடைசி அறிவித்தலில் வயலின் வரும் என்று நினைப்பேன். அது இப்போதே நாங்கள் எழுதத் தொடங்குகிற வரியில் இருக்குது.

அம்மம்மாவின் கல்வெட்டு வேலை வந்தபோது மாமாவிடம் மறுபடி போனேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழும்பி உள்ளே போய், ஒரு பழைய தலையணை உறையை எடுத்துக்கொண்டு வந்து தந்தார். செம்பரத்தை போட்டது, நிறம் மங்கிப்போனது. "உதை ஸ்கான் பண்ணி அட்டையிலை போடேலுமோ?" என்று கேட்டார்.

போட்டோம். கீழே ஒரு வரி மட்டும்: கைவேலை, அம்மம்மா.